காசுக்கு ஒரு குதிரையா?

பெங்களூரு வேலையை உதறிவிட்டு, கோலார் பக்கம் நாலு ஏக்கர், இரண்டு குதிரை, திறந்த வானம் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடலாமா? நகரத்தில் மூச்சுமுட்டுகிறவர்களுக்கு வரும் நியாயமான ஆசைதான். அதற்கு ‘எளிய வாழ்க்கை’ என்று பெயர் வைக்கும்போதுதான் கோலார் தங்கவயலின் ஊரிகத்துக்காரருக்குச் சிரிப்பு வரும்.

ஊரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் எல்லாமே கிராமத்தை விட்டு வந்தவர்களால் நிறைந்த ஊர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத தலித்துகள். திறந்த வானத்துக்குச் சேரியிலும் குறைவில்லை. கைக்கு வரும் கூலியும் மரியாதையும்தான் இல்லை. பாறை வெடிப்பும் நுரையீரலை அரிக்கும் தூசியும் தெரிந்தே 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தொழிற்சங்கம் வளர்ந்தது, தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் கிளைவிட்டது. அவர்களுக்குச் சுதந்திரம் என்பது கிராமத்துக்கு எதிர்த்திசையில் இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் விட்டுவிட்டு வர நினைக்கும் நகரத்தில்தான் இன்னொருவருக்குச் சோறு.

சரி, குதிரைக்கு வருவோம். வளர்ந்த குதிரை ஒன்று நாளைக்கு எட்டுப் பத்து கிலோ தீனி தின்னும், முப்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும், இருபத்தைந்து வருடம்கூட வாழும். அதற்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுவலி முற்றினால் ஒரே இரவில் செத்துப்போகும். கோலாரில் கொள்ளுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து இங்குள்ள ஏரிகளில் விடுகிறார்கள். நகரத்தை விட்டு ஓடி வந்தாலும் அது குழாய் வழியே பின்னால் வந்துவிடுகிறது!

தலைமுறை தலைமுறையாகக் குதிரையோடு வாழ்பவர்கள் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள், இன்றும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள். கொட்டகை எரிந்துபோனால் ஊரே திரண்டு வந்து கட்டித் தருகிறது. அந்த வாழ்க்கையைத் தாங்குவது குதிரையைவிட அந்த ஊர்க்கூட்டம்தான். அவர்களிலேயே பலர் நிலத்தின் விலை எட்டாமல் உழவை விட்டுத் தச்சு வேலைக்குப் போய்விட்டார்கள். தனியாக ஒரு குடும்பம் வேலி போட்டுக்கொண்டு இதைச் செய்ய நினைத்தால், அக்கம்பக்கத்தாரின் இடத்தைப் பணம்தான் நிரப்பியாக வேண்டும்.

‘காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், அது காற்றாய்ப் பறக்கவும் வேண்டும்’ என்பார்கள். ஆனால் குதிரையே அரிதாகிவருகிறது: 2012-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவில் குதிரைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, 3.4 லட்சத்தில் நின்றன. குதிரை குறைந்தால் குதிரை வைத்தியம் தெரிந்தவரும் லாடம் அடிப்பவரும் குறைவார்கள். ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போய் வெள்ளைக் குதிரையைப் பார்த்து மயங்குவதற்கு முன்பே இவர்களைத் தேடிப் பிடித்துவிடுவது நல்லது. லாயம் கூட்ட உள்ளூர் ஆள் வைப்பதென்றால் சம்பளத்தையும் வார விடுமுறையையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். 1930-இல் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகை வைக்க மறுத்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த ஊர் இது.