ஸ்கிப் பண்ணுறது கொள்கையா, சோம்பலா?

‘பென்டிரைவ்ல கிடக்கிற சொஃப்ட்வெயாருக்கு எதுக்கு அப்டேட்? ஓடுதுதானே!’ கம்பளை கொமினிகேஷன் கடையிலிருந்து பேராதனை விடுதி வரை நாம் கேட்டுச் சலித்த வசனம். ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு.

வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. அதற்குள் ஏறத்தாழ 19 வருடம் கிடந்த ஓட்டை 2019இல்தான் வெளியே தெரிந்தது. 5.70 பதிப்பில் அடைத்தார்கள். ஆனால் நாம போய் இறக்கினால்தானே நம்ம கொம்பியூட்டரில் அடைபடும்? பென்டிரைவ் செயலிகள் பலவற்றின் கதையும் இதுதான். அந்தப் பென்டிரைவோ ஊரிலுள்ள கொம்பியூட்டர் எல்லாவற்றிலும் ஏறி இறங்குகிறது!

‘அப்டேட்லயே வைரஸ் வருதே?’ உண்மை. 2017இல் சீகிளீனர் 5.33 அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே நஞ்சோடு வந்தது. டேட்டாவும் சும்மா கிடைப்பதில்லை. எனவே எல்லாவற்றையும் கண்ணை மூடி ஏற்கச் சொல்லவில்லை. தோற்றத்தை மட்டும் மாற்றும் அப்டேட்டைத் தாராளமாகத் தள்ளுங்க. ஓட்டை அடைக்கிறதைத் தள்ளாதீங்க. பிரவுசர், ஸிப், பீடிஎஃப் செயலிகள் முதலில்; வெளியாட்கள் அனுப்புவதைத் திறப்பவை அவைதான். முன்னதாக ஃபோல்டரை ஒரு கொப்பி எடுத்து வைத்தால், புதுசு சரிவராவிட்டால் பழசுக்குத் திரும்பலாம்.

என்ன மாற்றம் என்று வாசித்துவிட்டுத் தள்ளினால் அது முடிவு. வாசிக்காமலே தள்ளுவது சோம்பல். அதுக்குக் கொள்கைன்னு பேர் வைக்காதீங்க.