தாழ்வாரம் வைத்த வீதி

"அந்த மஞ்சள் சுவர் எங்க மாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரியில் வந்து இறங்கியதும் என் தங்கை மகள் கேட்ட முதல் கேள்வி இது. கைபேசியில் படத்தைக் காட்டினாள்: மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மேலிருந்து வழியும் காகிதப்பூ. ரோமன் ரோலண்ட் வீதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சுவருக்கு முன்னால் ஏற்கெனவே நான்கு குடும்பங்கள் காத்து நின்றன. ஒரு மணி நேரம், நாற்பது படம். "பாண்டிச்சேரி பார்த்தாச்சு" என்றாள். அப்போது வந்த கோபம் வாரம் முழுக்க இறங்கவில்லை.

கோபம் பிள்ளைமேல் இல்லை. இன்ஸ்டாகிராமில் ஊர்ப்பெயரைத் தட்டினால் அவளுக்கு வருவது அந்தச் சுவர்தான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியின் நாலைந்து வீதிகள்தான் ஊர் என்றாகிவிட்டது. அங்கேயே இருக்கும் அரவிந்தர் ஆசிரமத்துச் சாம்பல் நிறக் கட்டடங்களைக்கூட யாரும் படம் எடுப்பதில்லை.

இப்படி மனம் கசக்கும்போதெல்லாம் நான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பிரிப்பேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னரின் கோபம், ஊர் வம்பு என்று எல்லாவற்றையும் பேசுகிற தமிழிலேயே எழுதிவைத்தார். அதில் ஊர் என்றால் ஆட்களும் அவர்கள் பேச்சும்தான். அவர் இறந்த 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அதில் தப்பிய வீடுகளில் ஒன்று அவருடையது. கீழே நம் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். படங்களில் வரும் மஞ்சள் வீதிகள் அந்த இடிப்புக்குப் பிறகு மறுபடி எழுந்தவை. இந்த வீடு அவற்றுக்கு மூத்தது.

ஆட்களும் பேச்சுமான அந்த ஊரைக் காட்டத்தான் அன்று சாயங்காலம் அவளை வைசியாள் வீதிக்கு அழைத்துப்போனேன். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் வீட்டு முகப்புகளைச் சீர்செய்து கொடுத்த வீதி. சரிந்த ஓட்டுக்கூரை போட்ட தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. அதையொட்டிய திண்ணை வீடு தேடி வந்தவருக்கு. ஒரு திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க. யார் வூட்டுப் பொண்ணு?" என்றார். சிவப்புத் தரை, உட்கார்ந்து உட்கார்ந்தே வழுவழுத்திருந்தது. என் தங்கை மகள் அங்கேயும் ஒரு படம் எடுத்தாள். தாழ்வார நிழலில் இருட்டாக வந்தது, அழித்துவிட்டாள்.

அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டாகிவிட்டது. உள்ளே இரண்டு ஸ்கூட்டர். மஞ்சள் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் ஊரே கேட்கும். படத்தில் சிக்காத திண்ணை போனால் கேட்க ஆளில்லை. அதனால் நான் கேட்கிறேன். வைசியாள் வீதிக்காரர்களே, வண்டிக்கு வேறு இடம் பாருங்கள். திண்ணையை அடைக்காதீர்கள். "யார் வூட்டுப் பொண்ணு" என்று கேட்க இந்த ஊருக்கு அந்த இடம் வேண்டும்.