வெண்தோலும் புற ஊதாக் கதிரும்

பெலுகா திமிங்கிலம் சாம்பல் நிறத்தில் பிறந்து, வளர வளர மெலனின் என்ற நிறமி குறைந்து வெளுக்கிறது. உடலில் ரோமம் இல்லை. மூச்சுவிட மேலே வந்தே தீர வேண்டும். ஆர்க்டிக் கோடையிலோ சூரியன் வாரக்கணக்கில் மறைவதில்லை. பெலுகாவின் தோல் தடிமனானதுதான். கோடையில் கனடாவின் கன்னிங்ஹாம் கழிமுகம் போன்ற ஆழமற்ற இடங்களில் சரளைக் கற்களில் உரசி, பழைய மேல்தோலை உதிர்த்தும் விடுகிறது. ஆனால் புற ஊதாக் கதிருக்கு இவையே போதும் என்று நிம்மதியடைவது தவறு. கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று இனத் திமிங்கிலங்களின் தோலை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, வெளிர்நிற நீலத் திமிங்கிலத்துக்கு வெயில் கொப்புளங்கள் அதிகம் என்றும், கருமையான துடுப்புத் திமிங்கிலத்துக்குக் குறைவு என்றும் கண்டது. நிறமி எவ்வளவு பெரிய காப்பு என்பது இதில் தெளிவு. பெலுகாவிடம் அது குறைவு. ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலமே அதற்குக் குடை. அதைக் காக்கும் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையை எந்த நாடும் தளர்த்தக் கூடாது.