ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு சண்டையா? போலந்து மொழிக்குள் ஓடும் உக்ரைன் விவாதம்

"உக்ரைனில் போர்" என்று தமிழில் எழுத நாம் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. போலந்தில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் 'நா உக்ராயின்யே' என்று எழுதினால் ஒரு தரப்புக்குக் கோபம் வரும். 'வ் உக்ராயின்யே' என்று எழுதினால் இன்னொரு தரப்பு முகம் சுளிக்கும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உக்ரைனில்.

இலக்கண வாத்தியார்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்தானே, இதுல என்ன அரசியல்? அங்கேதான் கதையே இருக்கு. பல தலைமுறைகளாகப் பிழைப்பு தேடி வெளிநாடு போன மக்கள், இப்போது தங்கள் நாட்டுக்கு வந்தவர்களை எப்படிப் பார்ப்பது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நாடாளுமன்றத்தில் நடப்பதுபோல, தினசரி பேசும் மொழியிலும் நடக்கிறது.

'நா'வுக்கும் 'வ்'வுக்கும் என்ன வித்தியாசம்?

போலிஷ் மொழியில் 'வ்' என்றால் உள்ளே. 'நா' என்றால் மேலே. பெரும்பாலான நாடுகளுக்கு 'வ்' போடுவார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இந்தியா எல்லாம் இந்தக் கணக்கில்தான். தீவு நாடுகள் பலவற்றுக்கு 'நா': கியூபா, மால்டா, சைப்ரஸ். நம் பக்கத்தில் இருக்கும் இலங்கைக்கும் 'நா'தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுற்றுலா வந்துபோன ஒரு போலந்துக்காரர், 'இந்தியாவுக்குள்' இருந்தேன், 'இலங்கை மேல்' இருந்தேன் என்பதுபோலத்தான் ஊரில் சொல்வார்.

ஆனால் 'நா'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சைலீசியா, மசோவியா போன்ற சொந்த நாட்டு வட்டாரங்களுக்கும் அதையே போடுவார்கள். நீண்ட கால வழக்கத்தால் லித்துவேனியா, லாட்வியா, பெலாரஸ், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, உக்ரைன் ஆகிய நாடுகளுக்கும் 'நா'தான் பழக்கம்.

உக்ரைனியர்களுக்கு உறுத்துவது இதுதான். தனி நாடான தங்களை, யாருடைய நாட்டுக்கோ சொந்தமான ஒரு வட்டாரம் மாதிரிச் சொல்வதாக அவர்கள் காதில் விழுகிறது. ரஷ்ய மொழியிலும் இதே 'நா', 'வ்' சிக்கல் உண்டு. உக்ரைன் தனி நாடு என்பதையே மாஸ்கோ மறுக்கும் காலத்தில், அந்தச் சொல்லுக்கு முன்பு இல்லாத கனம் வந்துவிட்டது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு, போலந்து ஊடகங்களில் பலர் தாங்களாகவே 'வ்'வுக்கு மாறினார்கள். அதே ஆண்டு ஜூலையில் போலிஷ் மொழிக் கவுன்சில் கருத்துச் சொன்னது: 'வ்' வடிவத்தைப் பரவலாகப் பயன்படுத்துங்கள், ஆனால் 'நா' என்பதும் பிழை கிடையாது. இரு தரப்பையும் சமாளிக்கிற பதில்னு தோணலாம். மொழி விஷயத்தில் இதைவிட நியாயமான பதில் கிடைப்பது கஷ்டம் என்பதே நம் கணிப்பு.

ஏனென்றால் 'நா' தரப்பிடமும் வலுவான வாதம் இருக்கிறது. ஹங்கேரி ஒருநாளும் போலந்தின் ஒரு மாகாணமாக இருந்ததில்லை, அதற்கும் 'நா'தானே போடுகிறோம், இதில் ஆதிக்கம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். உக்ரைனின் தேசியக் கவி தராஸ் ஷெவ்செங்கோவே 'நா' வடிவத்தில் எழுதியிருக்கிறார். இலக்கணமாகப் பார்த்தால் இந்தக் கேள்விகளைத் தட்ட முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் 'என்னை இப்படிக் கூப்பிடாதீங்க' என்று சொன்ன பிறகு, இலக்கணப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவது எந்த அளவுக்கு எடுபடும்?

மொழி மீது ஏன் இவ்வளவு உணர்ச்சி?

1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. அந்த 123 ஆண்டுகளில் நாட்டுக்குப் பதிலாக நின்றது மொழிதான். 1901-ல் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த வ்ஜெஷ்னியா என்ற ஊரில், மத போதனை வகுப்பில் ஜெர்மன் மொழியில் பதில் சொல்ல மாட்டோம் என்று மறுத்த பள்ளிப் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தார்கள். பிள்ளைகள் வகுப்புப் போராட்டத்தை விடவில்லை. அந்தச் சம்பவம் இன்றும் அங்கே நினைவில் இருக்கிறது.

அதனால்தான், 'இந்தச் சொல்லை மாற்றுங்கள்' என்று வெளியிலிருந்து யார் சொன்னாலும் ஒரு பகுதி மக்களுக்குச் சுருக்கென்று படுகிறது. கறுப்பின மக்களைக் குறிக்கும் 'முஜின்' என்ற பழைய சொல்லிலும் இதே கதைதான். அந்தச் சொல்லால் எங்களைக் கூப்பிடாதீர்கள் என்று போலந்தில் வளர்ந்த கறுப்பினப் பெண்கள் 2020-ல் பிரசாரம் செய்தார்கள். ஊடகம், அரசு அலுவலகம், பள்ளி ஆகிய இடங்களில் அதைத் தவிர்ப்பது நல்லது என்ற பரிந்துரையை மொழிக் கவுன்சில் 2021-ல் வெளியிட்டது. 'நாங்க தப்பா நினைச்சுச் சொன்னதே இல்லையே' என்று வருத்தப்பட்டவர்களும் நிறைய பேர்.

'பான்', 'பானி', 'தி': யாருக்கு எந்த மரியாதை?

சண்டை 'நா'வோடு முடிவதில்லை. வந்தவர்களை நேருக்கு நேர் எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கு.

போலிஷில் முன்பின் தெரியாத பெரியவரிடம் 'நீங்கள்' என்று சொல்லும் வழக்கம் இல்லை. ஆணுக்கு 'பான்', பெண்ணுக்கு 'பானி'. வினைச்சொல்லும் படர்க்கையில் வரும். நம்மூரில் எதிரே நிற்பவரிடமே "சார் எங்க இறங்கணும்?", "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. கடை, பஸ், ஆஸ்பத்திரி, அலுவலகம் என எல்லா இடத்திலும் இதுதான் முறை. 'தி' என்றால் நம் 'நீ' மாதிரி. வீட்டுக்கும் நண்பர்களுக்கும் குழந்தைகளுக்கும். 'பான்' நிலையிலிருந்து 'தி'க்கு மாற, வழக்கமாக வயதில் மூத்தவரோ பெண்ணோதான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கென்றே கையோடு கை கோத்து மது அருந்தும் பழைய சடங்குகூட உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சி 'வி' என்ற தோழமை விளியைக் கொண்டுவரப் பார்த்தது. கட்சிக் கூட்டங்களைத் தாண்டி அது பெரிதாக ஒட்டவில்லை. 'பான்' நின்றுவிட்டது.

இவ்வளவு கறாரான மரியாதை இருக்கும் மொழியில், வீட்டு வேலைக்கு வரும் உக்ரைன் பெண்ணிடமும் உணவு கொண்டுவரும் ஆசிய இளைஞரிடமும் சிலர் நேராக 'தி' போட்டுப் பேசிவிடுகிறார்கள். மொழி சரியாகத் தெரியாதவரிடம் எளிமையாகப் பேசுகிறோம் என்பது அவர்கள் விளக்கம். கேட்பவருக்கு அது 'டேய்' மாதிரி விழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இதே அனுபவம் அவர்களுக்கும் உண்டு

வெளிநாடுகளில் வாழும் போலந்து வம்சாவளியினரை 'போலோனியா' என்று சொல்வார்கள். சிகாகோ அதன் பெரிய மையங்களில் ஒன்று. 2004-ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், கதவை உடனே திறந்த பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடனுக்கு மக்கள் கிளம்பினார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் சுமார் 6 லட்சத்து 12 ஆயிரம் பேர் போலிஷ்தான் தங்கள் முதன்மை மொழி என்று பதிவு செய்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். போலந்து மளிகைக் கடைகள், சனிக்கிழமை மொழிப் பள்ளிகள், ஆங்கிலம் கலந்த 'போங்லிஷ்' பேச்சு எல்லாம் உருவாகின. லண்டனில் வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பெற்றோருக்கு இது நன்றாகவே புரியும்.

2016 பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த கையோடு, ஹன்டிங்டன் என்ற ஊரில் போலந்து மக்களைப் புழு பூச்சி என்று திட்டும் அட்டைகள் கிடந்தன. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, போலிஷிலும் அச்சடித்திருந்தார்கள். வேலையைப் பறிக்கிறார்கள், சலுகையை அனுபவிக்கிறார்கள், ஊர் போய்ச் சேரட்டும் என்று அன்று அவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். இன்று போலந்துக்குள் உக்ரைனியர்களைப் பார்த்துச் சொல்லப்படுவதும் அதே மூன்று வரிதான்.

விருந்தாளி எப்போது அயலார் ஆனார்?

'வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடவுளே வந்த மாதிரி' என்று போலிஷில் ஒரு பழமொழி உண்டு. 2022-ல் அது உண்மையாகவே நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வந்தபோது, முகாம்களைவிட அதிகமாகச் சாதாரண மக்களின் வீடுகள்தான் திறந்தன. அப்போது அகதிகளை ஏற்கலாம் என்று சொன்னவர்கள் 94 சதவீதம் என 'சிபோஸ்' கருத்துக்கணிப்பு நிறுவனம் பதிவு செய்தது. மூன்றே ஆண்டுகளில் அது பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஏறக்குறைய 10 லட்சம் உக்ரைனியர்கள் தற்காலிகப் பாதுகாப்பில் அங்கே இருக்கிறார்கள். விருந்தாளிக்குப் பழமொழி இருக்கிறது. தங்கிவிட்டவருக்கு என்ன சொல்வது என்பதில்தான் தடுமாற்றம்.

இது வெறும் பொறாமையும் இல்லை. 1943-ல் வொலினியா பகுதியில் தொடங்கி, உக்ரைன் கிளர்ச்சிப் படை போலந்து கிராம மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. மொத்தம் ஒரு லட்சம் பேர் வரை என்பது மதிப்பீடு. இன்றும் எலும்புகளைத் தேடி எடுக்கும் பணி முடியவில்லை. 1947-ல் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் உக்ரைனியர்களையும் லெம்கோ மக்களையும் வீடு வாசலிலிருந்து பெயர்த்து மேற்குப் பகுதிகளில் கொண்டுபோய் விட்டது. ஆக, காயம் இரண்டு பக்கமும். ஆனால் போரிலிருந்து தப்பி வந்த ஒரு தாயைப் பார்த்து 'பண்டேராக்காரி' என்று திட்டும்போது, அந்த வரலாறு வசைச்சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது என்ன நடக்கிறது?

2025 ஜூலையில் ஜெர்மனி, லித்துவேனியா எல்லைகளில் அரசு சோதனையைக் கொண்டுவந்தது. அதே மாதம் குடியேற்றத்துக்கு எதிராகப் பல நகரங்களில் ஊர்வலம் நடந்தது. ஆகஸ்ட் 25-ல், புதிய அதிபர் கரோல் நவ்ரோட்ஸ்கி உக்ரைனியர்களுக்கான உதவியை நீட்டிக்கும் மசோதாவை வீட்டோ செய்தார். குழந்தைக்கு மாதம் 800 ஸ்வோட்டி உதவித்தொகை, வேலை பார்க்கும் உக்ரைனியர்களுக்கு மட்டும்தான் தரவேண்டும் என்றார்.

நியாயமான நிபந்தனைதானே என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள அகதிகளில் 69 சதவீதம் பேர் வேலையில் இருப்பதாகவும், 2024-ல் போலந்து பொருளாதார உற்பத்தியில் 2.7 சதவீதம் அவர்களால் வந்ததாகவும் ஐ.நா. அகதிகள் அமைப்புடன் சேர்ந்து டெலாய்ட் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உதவித்தொகையை வேலையோடு இணைத்த புதிய சட்டத்தில் அதிபர் செப்டம்பரில் கையெழுத்திட்டார்.

இந்தியர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அநாதையான போலந்துக் குழந்தைகளுக்கு குஜராத்தின் பாலாசடியில் இடம் கொடுத்தவர் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங். கோலாப்பூர் அருகே வலிவடேயில் சுமார் 5,000 போலந்து அகதிகள் தங்கினார்கள். வார்சாவில் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பிரதமர் மோடி அந்த நினைவிடத்தில் மலரஞ்சலி செலுத்தினார். அதே வார்சாவில் உணவுப் பையோடு சைக்கிளில் போகும் இந்திய இளைஞர்களையும் இன்று பார்க்கலாம். அவர்களுக்கு 'பான்' கிடைக்கிறதா, 'தி' கிடைக்கிறதா என்பது கதவைத் திறப்பவரைப் பொறுத்தது.

செப்டம்பரில் கையெழுத்தான சட்டம் 2026 மார்ச் 4 வரைக்கும்தான். உக்ரைனியர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் தற்காலிகப் பாதுகாப்பு 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.