உப்புக்குத் துணை சர்க்கரை

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கணும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால், "சர்க்கரை எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "தெம்புக்குத்தான்!" என்பார்கள். தெம்பு இன்னும் கொஞ்சம் வரட்டுமே என்று கூட ஒரு கை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் ஆபத்து, சகோதரிகளே!

நாம் மாவடு போடுவதை நினைத்துப் பாருங்களேன். கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கிவிடுகிறது. அது வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான். மாங்காயானாலும் மனுஷ உடம்பானாலும் செல் என்னும் மிக நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையைச் சுற்றியும் மெல்லிய சவ்வு. எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமாகக் கரைந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் சவ்வைத் தாண்டி ஓடும்.

உப்பு அப்படி இஷ்டப்படி சவ்வைத் தாண்ட முடியாது. அதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. பேதியின்போது குடலில் சில வாசல்கள் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் ஒரு வாசல் மட்டும் காலராவில்கூடத் திறந்திருக்கும். உப்பில் உள்ள சோடியமும் குளூக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது உள்ளே விடும்! அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். நாம் போடும் சர்க்கரை குடலில் உடைந்து இந்தக் குளூக்கோஸைத் தருகிறது. சோடியமும் குளூக்கோஸும் இப்படிச் சேர்ந்தே போகின்றன என்பதை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளூக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளுக்கு உறவினர்களே புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது.

சரி, சர்க்கரை கூடினால் என்ன? மாவடு கதைதான். குடலில் தங்கிப்போன சர்க்கரை, உடம்பில் உள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். பேதி அதிகமாகும். சோடா, பாட்டில் பழரசம் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். உப்பு கூடினாலும் குழந்தைக்கு ஆபத்து.

கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல் வழி. ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்து அதே அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். அவசரத்துக்குக் கிடைக்கவில்லையா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூனால் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மெதுவாகத் தொடருங்கள். "வயிறு காயட்டும்" என்று பெரியவர்கள் சொன்னாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை கண் குழிந்து துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எதுவும் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். கைக்குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சமையலுக்குக் கை அளவு போதும். இந்தத் தண்ணீருக்கு மட்டும் ஸ்பூன் அளவுதான்!