குற்றவாளி இலக்கணம் அல்ல

ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையைத் தவிர் என்பது நூறாண்டுப் பழைய அறிவுரை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில் அதை விதியாகவே வைத்தார். அதே கட்டுரையில் செயப்பாட்டு வாக்கியங்கள் தாராளமாகப் புழங்குகின்றன என்பது வேறு கதை. தவிர்க்கத்தான் முடியுமா? ‘ஐ வாஸ் பார்ன் இன் லண்டன்’ என்பதில் பெற்றவளை எழுவாயாக்கினால் பேச்சு அவளைப் பற்றியதாகிவிடும். ‘மை பைக் வாஸ் ஸ்டோலன்’ என்று புலம்புகிறவருக்குத் திருடன் யாரென்று தெரிந்தால் அல்லவா சொல்வார்! வீட்டுப் பேச்சில் ‘வாஸ்’ போய் ‘காட்’ வந்துவிடும்: ‘ஹி காட் ஃபயர்ட்’. வேலையைப் பறித்தவர் யாரென்பது அங்கே எவருக்கும் வேண்டாம், அடி யார்மீது விழுந்தது என்பதே செய்தி. செயப்பாட்டு வினைக்குக் கெட்ட பெயர் வந்ததில் அரசியல்வாதிகளுக்கும் பங்குண்டு. 1987 ஜனவரியில் ஈரான்-கான்ட்ரா என்ற ரகசிய ஆயுத விற்பனை விவகாரம் பற்றி அமெரிக்க காங்கிரஸில் பேசிய அன்றைய அதிபர் ரீகன், ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. இத்தனைக்கும் சற்று முன்புதான், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று தன்மையிலேயே சொல்லியிருந்தார். ஊர் நினைவில் தங்கியதோ ஆளில்லாத வாக்கியம்தான். ஆனால் நழுவ நினைப்பவருக்குச் செயப்பாட்டு வினை தேவையே இல்லை. ‘மிஸ்டேக்ஸ் ஹேப்பன்’ என்று தோளைக் குலுக்கினால் போதும். இலக்கணப்படி அது சுத்தமான செய்வினை. ‘இட் வாஸ் ப்ரோக்கன் பை மீ’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது செயப்பாட்டு வினை, முழு ஒப்புதல் வாக்குமூலமும்கூட.