கீறல் விழுந்த சரித்திரம்

பி.காம். படித்தவனுக்கு டிப்ரிசியேஷன் வேதவாக்கு. பொருளுக்கு வயசு ஏற ஏற மதிப்பு இறங்கும். கடைசியில் மிஞ்சுவது ஸ்கிராப் வேல்யூ. இந்த விதி செல்லாத இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அங்கே பழம்பொருள் கடைகளில் தாத்தா காலத்துக் கண்ணாடிச் சாமானுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால், மாசச் சம்பளக்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அதனால் நான் சேர்ப்பதெல்லாம் அடிபட்ட கேஸ்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்த அரிக்கேன் சிம்னி, விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, கழுத்து மூளியான கோலி சோடா பாட்டில் (1872-ல் ஹைரம் காட் என்ற வெள்ளைக்காரர் பேடண்ட் வாங்கிய டிசைன்). "உடைஞ்ச கண்ணாடி வீட்டுக்கு ஆகாதுடா, மூதேவி வந்து உக்காந்துக்குவா" என்கிறாள் அம்மா. எனவே என் மியூசியம் மாடிப்படிக்குக் கீழே.

காசில்லாமல் ஆரம்பித்ததுதான். ஆனால் பழைய கண்ணாடியில் குறைதான் கையெழுத்து. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள், கையால் ஊதிய பாத்திரத்தின் அடியில் இரும்புக் கம்பியை முறித்தெடுத்த தழும்பு, எல்லாமே சாட்சிகள். அடிப்பாகத்தில் மெல்லிய கீறல்கள் கன்னாபின்னாவென்று ஓடினால் பல வருஷம் மேஜையில் இழுபட்ட சாமான். ஒரே திசையில் வரிசையாக நின்றால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கலாம். ஜாக்கிரதை!

மண்ணுக்குள் கிடந்த ரோமானியக் கண்ணாடியில் வானவில் மினுக்கும். யாரும் பூசியதில்லை, ஈரத்தில் கண்ணாடி அரித்து ஏடு ஏடாக உரிகிற வியாதி. அந்த வியாதியைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் டிஃபனி 1890களில் மினுமினுக்கும் புதுக் கண்ணாடி செய்து பேர் வாங்கினார்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் போர்ட்லண்ட் ஜாடி இருக்கிறது. வயசு சுமார் 2000. 1845-ல் குடித்துவிட்டு வந்த ஓர் ஆசாமி அதைச் சுக்குநூறாக்கினான். அபராதம் 3 பவுண்டு, அதுவும் ஜாடியை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டிக்காக! இதுவரை மூன்று தடவை ஒட்டியிருக்கிறார்கள், கடைசியாக 1980களின் இறுதியில். ஸ்கிராப் என்று யாரும் எழுதித் தள்ளவில்லை.

அப்பழுக்கில்லாத பழசைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பரிதாபம்தான். நூறு வருஷமும் அலமாரியை விட்டு இறங்காமலே இருந்திருக்கும் பாவம். என் மூளிச் சிம்னி நாலு பேருக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறது.